முத்தாத்தாளக்காவின் கோழியரிசி

முத்தாத்தாளக்காவைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. அவருடைய மூத்திரத்தை இருபத்திரண்டு வாரம் விடாமல் காய்ச்சியவன் நான். இதைவிடப் பெரிய தகுதி உள்ளவர் யாராவது இருந்தால் வரச்சொல்லுங்கள், பேனாவைக் கொடுத்துவிடுகிறேன்.

என் பெயர் ஆறுச்சாமி. முதலமடையில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்தேன். எழுபத்தைந்தாம் வருஷம் ஆவணியில் ஆரம்பித்து அடுத்த தையில் முடிந்த சங்கதி இது. டாக்டர் பாஸ்கல் புதனும் சனியும் பக்கத்து டவுனான சித்தூரிலிருந்து ஜீப்பில் வருவார். மற்ற நாட்களில் ஊசி, கட்டு, களிம்பு, அதட்டல் எல்லாம் என் பொறுப்பு. அதட்டல் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த வயசு.

அன்றைக்குச் சர்க்கரை நோய்க்குச் சோதனை என்றால் இதுதான். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் நீலக் கரைசல், அதில் எட்டுச் சொட்டு மூத்திரம், ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க விட வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம் உண்டு. மஞ்சள் என்றால் கூடுதல். செங்கல் நிறத்துக்குப் போனால் ரொம்ப மோசம். ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் நிறத்தின் பெயரை ரெஜிஸ்டரில் எழுதி வைப்பேன். அக்காவின் பெயருக்கு நேராகப் பன்னிரண்டு வாரம் வரிசையாகச் செங்கல். அவ்வளவு செங்கல்லுக்கு ஒரு மாட்டுக் கொட்டகையே கட்டியிருக்கலாம்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஊரில் பல வீடுகளுக்கு நெல் அவித்துக் கொடுப்பதுதான் தொழில். நெல்லை ஒரு ராத்திரி தொட்டியில் ஊறப்போட்டு, விடிந்ததும் அண்டாவில் ஏற்றி, உமி வாய் பிளக்கிற நேரம் பார்த்து இறக்கி, களத்தில் பரப்பிக் காயவைக்க வேண்டும். பிறகு மில்லுக்குப் போகும். காய்கிற நெல்லைக் கிளற அக்கா பலகை எடுக்கமாட்டார். காலைத் தேய்த்துத் தேய்த்து நெல்லுக்குள் நடப்பார். பத்து விரலும் நெல்லில் பத்துக் கோடு போட்டுக்கொண்டே போகும். ஈரம் எவ்வளவு பாக்கி என்று உள்ளங்காலே அவருக்குச் சொல்லிவிடும். முத்தாத்தாள் அவித்த நெல் மில்லில் நொறுங்காது என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு. அந்தப் பேச்சில் அக்காவுக்கு அசாத்தியப் பெருமை.

அந்த உள்ளங்கால்தான் முதலில் ஏமாற்றியது. ஆவணியில் ஒரு நாள் அடுப்பிலிருந்து தெறித்த நெருப்புக் கங்கை மிதித்தபடியே நின்றிருக்கிறார். தோல் கருகிய வாசம் கணவர் அப்புசாமிக்கு வந்தது, அக்காவுக்கு வலி வரவில்லை. வலது கால் கட்டைவிரலில் கோலிக்குண்டு அளவு புண். அந்தப் புண்ணோடுதான் எங்களிடம் வந்தார், வந்த அன்றைக்கே சர்க்கரையும் தெரிந்தது. மாத்திரை கொடுத்தோம், தினமும் கட்டுப் போட்டேன், சோற்றை நிறுத்தச் சொல்லித் தொண்டை வறளக் கத்தினேன். புண் ஆறுவதாக இல்லை. பதம் பார்க்க உள்ளங்காலை நம்ப முடியாமல், நெல்லைப் பல்லில் கடித்துப் பார்க்க ஆரம்பித்திருந்தார் அக்கா. அதைப் பார்க்க எனக்கே என்னவோ போல் இருந்தது.

ஐப்பசி நடுவில் ஒரு புதன்கிழமை. டாக்டர் அன்றைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். கட்டைப் பிரித்துப் புண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. தை பத்தாம் தேதிக்குள்ள இந்தப் புண் ஆறலேன்னா விரலை எடுத்துரணும். விட்டா காலுக்கு ஏறிரும். சோத்தை விட்டுட்டு கோதம்பு ரொட்டி தின்னுங்கன்னா கேக்கமாட்டேங்கறீங்களே!"

"நெல்லவிக்கறவளே சோறு உண்ணலைன்னா, நான் அவிக்கற நெல்லை ஊருக்குள்ள ஆருங்க நம்புவாங்க?" என்றார் அக்கா. பிறகு குரல் இறங்கிவிட்டது. "வேற எந்த வெரலுன்னாலும் வெட்டிக்கங்க டாக்டரு. கட்டவெரலு போச்சுன்னா நான் களத்துல எப்பிடிங்க நிப்பேன்? அடியெடுத்து வெக்கறதே அந்த வெரலுலதானுங்களே."

அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதே தென்மலைப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா வெளியே பார்த்தார். "அட கெரகமே, களத்துல நெல்லுக் கெடக்குது!" என்று கத்திக்கொண்டு, கட்டுப் போடாத காலோடு ஓடினார். நான் பின்னாலேயே பஞ்சும் துணியுமாக ஓடியதை ஊரே வேடிக்கை பார்த்தது.

களத்தில் நெல்லைப் போட்டுவிட்டு எங்கும் போகக்கூடாது என்பது அந்த வேலையின் முதல் சட்டம். இருபது வருஷத்தில் அக்கா அதை மீறியது அன்று ஒரு நாள்தான், அதுவும் எங்கள் வாசலில் காத்துக் கிடந்ததால். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தோட்டம் துரவு உள்ள குப்பண்ணன் என்பவரின் ஒரு மூட்டை நெல் களத்துத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. மழை மூன்று நாள் விடவில்லை. அள்ளி வைத்த நெல் சூடேறி, புளித்த வாடை அடித்தது. யாராக இருந்தாலும் குப்பையில் கொட்டியிருப்பார்கள். அக்காவுக்கு மனசு வரவில்லை. நான்காம் நாள் வெயில் கண்டதும், ஒரு தடவை அவித்த அதே நெல்லை அலசி அண்டாவில் ஏற்றி மறுபடியும் அவித்தார். மறுபடியும் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோனார்.

வந்தது அரிசியா அது! கருப்பட்டி நிறம். குப்பண்ணன் ஒரு பிடி எடுத்துத் தட்டில் போட்டார், கணகணவென்று சத்தம் கேட்டது.

"ஏம் முத்தாத்தா, இதைப் போயி மனுசன் திம்பானா? கொண்டுபோய்க் கோழிக்குப் போடு."

அக்கா வருஷச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த தன் வீட்டு நல்ல அரிசியை அளந்து அவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் கறுத்த அரிசியைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். கோழிக்குப் போடவில்லை. "நான் கெடுத்ததை நானே தின்னு தீக்கறேன்" என்று சபதம். அப்புசாமியண்ணன் ஒரு நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "பல்லு நோவுதுங்க கம்பவுண்டரே. அன்னாடும் அவ சோறா போடறா? சரளக்கல்லுங்க! ரெண்டு பங்கு வெறகு எரிச்சும் வேகமாட்டேங்குது!" நான் சிரித்துவிட்டுக் கிராம்புத் தைலம் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு வாரம் போனது. புதன்கிழமை அக்காவின் குழாய் மஞ்சளோடு நின்றது. நான் கத்திய கத்தலுக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அதற்கடுத்த புதன் பச்சை. எனக்குச் சுருக்கென்றது. செங்கல் இவ்வளவு சீக்கிரம் பச்சையாகுமா?

"இது ஆருதுங்க்கா?"

"என்னுதுதானுங் தம்பி."

"பொய் சொல்லாதீங்க. அண்ணனோட பாட்டிலைத்தான தூக்கீட்டு வந்திருக்கீங்க? டாக்டரை ஏமாத்தி வெரலைக் காப்பாத்திக்கலாம்னு பாக்கறீங்களா?"

வரிசையில் உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. மேஜையிலிருந்த காலி பாட்டிலை வெடுக்கென்று எடுத்தார். எங்கள் ஆயா சரஸ்வதியம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னால் போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து பாட்டிலை என் முன்னால் டக்கென்று வைத்தார்.

"காச்சுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

காய்ச்சினேன். எல்லோரும் எழுந்து வந்து விளக்கைச் சுற்றி நின்றார்கள். பச்சை. நல்ல, தெளிவான பச்சை.

"இப்ப என்ன சொல்லுவீங்க? இது சரஸ்வதியம்மாளுதுன்னு சொல்லுவீங்களா?" என்றார் அக்கா. சரஸ்வதியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். நான் தலையைக் குனிந்து ரெஜிஸ்டரில் எழுதினேன்.

என்ன பச்சிலை தின்றீர்கள், எந்த வைத்தியரைப் பார்த்தீர்கள் என்று துருவினேன். ஒன்றும் இல்லை, அந்தக் கோழியரிசிச் சோறுதான் என்றார். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங் தம்பி. நல்ல அரிசி வடிச்ச கஞ்சி சித்த நேரத்துல கொழகொழன்னு ஆயிரும். இந்த அரிசியில வடிச்சா வெறுந்தண்ணியாட்டம் இருக்குது. காத்தால உண்டா பொழுது சாயற வரைக்கும் பசிக்கறதில்லை. முன்னெல்லாம் பத்து மணிக்கே கை நடுங்குமுங்க. அரிசிக்குள்ள என்னமோ ஆயிருக்குது."

சரி சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நம்பவில்லை என்பது என் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும்.

அடுத்த புதன் அக்காவின் குழாய் பழையபடி செங்கல். எனக்கு ஒரே குஷி. "பாத்தீங்களா! கோழியரிசியாம், கோழியரிசி!"

அக்கா நிதானமாகச் சொன்னார். "இந்த வாரம் முச்சூடும் பக்கத்தூட்டுல வாங்கி நல்ல அரிசிச் சோறு உண்டேனுங். அதே அளவுதான், ஒரு பருக்கை எச்சு இல்லை. இனி நாளையிலிருந்து மறுபடியும் கோழியரிசி. பொறவு பாருங்க."

எனக்கு வந்த கோபத்தில் குழாயே கை நழுவியிருக்கும். "காலைப் பணயம் வெச்சு வெளையாடறீங்களா? தைக்கு எத்தனை நாள் இருக்குதுன்னு தெரியுமா?"

"தெரியாமயா! ஆனா உங்களுக்கு நம்பிக்கை வரோணுமில்ல?" என்றார். அன்றைக்கு நான் அவருடைய காலுக்குக் கட்டுப் போட்டபோது ஒரு வார்த்தையும் அதட்டவில்லை.

அடுத்த வாரம் மஞ்சள். அதற்கடுத்த வாரம் பச்சை. ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் அக்காவைக் கூப்பிட்டு, அரிசியை வாங்கி, ஒன்றைக் கடித்துப் பார்த்தார். பல்லைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அரிசிக்குள்ள இருக்கறது மாவு. ஒருக்கா வெந்து, ஆறி இறுகி, மறுபடியும் வெந்து காஞ்சா அந்த மாவு கெட்டிப்பட்டுப் போகும். வயிறு அதை மெல்ல மெல்லத்தான் கரைக்கும். சர்க்கரை ஒரேயடியா ரத்தத்துல கொட்டாம சொட்டுச் சொட்டா இறங்கும். புழுங்கலரிசியைப் பத்தி இப்பிடிக் கொஞ்சம் படிச்சிருக்கேன். வாரத்துக்கு வாரம் மாத்தித் தின்னு ஒருத்தர் காட்டினதை இப்பத்தான் பாக்கறேன். ஆனா ஒண்ணு, மாத்திரையை விட்டீங்கன்னா நான் சும்மா இருக்கமாட்டேன்."

"மாத்திரை பாட்டுக்கு மாத்திரைங்க," என்றார் அக்கா. அவர் முகத்தில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் மார்கழி பிறந்ததும் கோழியரிசிச் சாக்கு காலி. புண் பாதிதான் ஆறியிருந்தது. தை பத்துக்கு நாற்பது நாள்கூட இல்லை. மழை தப்பாகச் செய்து கொடுத்த அரிசியை இப்போது அக்கா தெரிந்தே செய்தாக வேண்டும். முதல் தடவை அவித்த சூட்டோடு சூடாக இன்னொரு கொதி விட்டார். உமி வெடித்து, அரிசி பிதுங்கி, காய்ந்ததும் மில்லில் தவிடுபொடியாகிவிட்டது. அந்த நொய்யைக் காய்ச்சிக் குடித்த வாரம் குழாய் மஞ்சளையும் தாண்டிச் சிவக்க ஆரம்பித்தது. விரலைச் சுற்றி மறுபடியும் வீக்கம். அன்றைக்குத்தான் அக்கா அழுது நான் பார்த்தேன். "நான் நெல்லவிக்கறவதானுங் தம்பி? எனக்கே தெரியாமப் போச்சே," என்று ஒரே புலம்பல். நான் குனிந்து அவர் விரலுக்குப் புதுக் கட்டுப் போட்டேன்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார், கண்ணெல்லாம் தெளிந்திருந்தது.

"மூணு நாளுங் தம்பி! ரெண்டு அவிப்புக்கு நடுவுல மழையில நெல்லு மூணு நாள் ஆறிக் கெடந்ததே, அதை நான் மறந்தே போயிட்டேன். அவசரப்பட்டுட்டேன். நெல்லுக்கு ஆற நேரம் கொடுக்கோணும்."

தம்பி, தம்பி என்று என்னைக் கூப்பிட்டாலும் அதை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். அவித்த நெல்லை நிழலில் மூன்று நாள் ஆறப்போட்டார். புளிக்காமலிருக்க அடிக்கடி கிளறிவிட்டார். பிறகு தண்ணீர் தெளித்து, இரண்டாம் தடவை சின்னத் தீயில் அவித்தார். இந்த முறை அரிசி நொறுங்கவில்லை. கருப்பட்டி நிறம் போய் வெளுத்த தேன் நிறம். வாடையும் இல்லை. அப்புசாமியண்ணன் இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மார்கழி மூன்றாவது புதன் குழாயில் பச்சை. கடைசிப் புதனும் பச்சை.

அதே வாரம் டிஸ்பென்சரி வாசலில் இன்னொருவர் வந்து நின்றார். குப்பண்ணன். தலைசுற்றல், தாகம். காய்ச்சினேன், செங்கல். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு, என்ன செய்ய! டாக்டர் மாத்திரை எழுதினார். நான் வெளியே வந்து, "முத்தாத்தாளக்காகிட்ட அரிசி கேட்டுப் பாருங்க," என்றேன். அவர் போனார். அங்கே நடந்ததை அப்புசாமியண்ணன் வந்து நடித்தே காட்டினார்.

"ஏனுங் பண்ணாடி, அது கோழிக்குப் போடற அரிசிங்களே, உங்களுக்கு எதுக்குங்?" என்று அந்தப் பண்ணைக்காரரைக் கேட்டாராம் அக்கா.

குப்பண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொன்னது தப்புத்தான் முத்தாத்தா. என்ற நெல்லு ரெண்டு மூட்டை தாட்டி விடறேன், அதே பக்குவத்துல அவிச்சுக் குடு," என்றாராம். அக்கா அதற்கு மேல் அவரைச் சீண்டவில்லை. சீக்குக்காரரிடம் எனக்கென்ன ஒரியாட்டம், வம்பு என்று விட்டுவிட்டார்.

தை பத்து வந்தது. காலை எட்டு மணிக்கு டாக்டர் கத்தி, கட்டு, ஊசியெல்லாம் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புண் மேலே மூடியிருந்தது எனக்குத் தெரியும். உள்ளே சீழ் இருக்கிறதா என்பது அவர் அமுக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஒன்பது ஆயிற்று, பத்தாயிற்று, அக்காவைக் காணோம். பயந்து ஓடிவிட்டாரா? சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். அக்கா களத்தில் இருந்தார். குப்பண்ணனின் நெல் இரண்டாம் அவிப்பு முடிந்து காய்ந்துகொண்டிருந்தது.

"வரமுடியாதுங் தம்பி. ஒருக்கா நெல்லை உட்டுப்போட்டு உங்க வாசலுக்கு வந்து பட்டது போதும்."

"வெரலு விசயமுங்க்கா!"

"அந்த வெரலைக் காப்பாத்துனதே இந்த அவிப்புத்தானுங். வேணும்னா டாக்டரை இங்க வரச்சொல்லுங்க."

சைக்கிளைத் திருப்பி மிதித்துப் போய் அதை அப்படியே சொன்னேன். டாக்டர் பாஸ்கல் பையை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

களத்து ஓரத்தில் ஒரு சாக்கின் மேல் அக்காவை உட்காரவைத்து, டாக்டர் தரையில் மண்டியிட்டார். விரலை நாலு பக்கமும் அமுக்கினார். அக்கா மூச்சு விடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புசாமியண்ணன் வேலிக்கால் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். டாக்டர் இன்னொரு தடவை அமுக்கினார். எழுந்து, முழங்காலில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டார்.

"உள்ளேயும் ஆறியிருக்கு. கத்திக்கு வேலையில்லே. இனிமே செருப்பில்லாம அடுப்புப் பக்கம் போகக்கூடாது, கேட்டுதா?"

"கேட்டுதுங். நீங்க சித்தெ அக்கட்டால தள்ளி நில்லுங் டாக்டரு. நெல்லு மேல நெழல் விழுவுது," என்றார் அக்கா.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார். அக்கா எழுந்து நெல்லுக்குள் இறங்கினார். ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு காலைத் தேய்த்துத் தேய்த்துக் களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவர் போன வழியில் குனிந்து, நெல்லில் விழுந்த கோடுகளை ஒன்றொன்றாக எண்ணினேன். பத்தும் இருந்தன.